திருச்சி மாவட்டத்துக்குப் புதுசா? முதலில் எந்தக் கரை என்று பாருங்கள்

மாற்றலாகி வருபவர்கள், கல்லூரியில் சேர்ந்தவர்கள், பெல் நிறுவனத்திலோ துப்பாக்கித் தொழிற்சாலையிலோ வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வந்து இறங்குபவர்கள் என எல்லோருமே திருச்சியில் முதல் மாதம் ஒரே மாதிரி திண்டாடுகிறார்கள். வீடு ஓர் இடத்தில் இருக்கும், தாலுகா ஆபீஸ் வேறு இடத்தில் இருக்கும், நாடாளுமன்றத் தொகுதியோ கேள்விப்படாத ஊர்ப் பெயரில் இருக்கும். கையில் உள்ள பழைய பத்திரம் ‘திருச்சிராப்பள்ளி மாவட்டம்’ என்கிறது, ஆனால் அந்த ஊர் இன்றைய திருச்சி மாவட்டத்திலேயே இல்லை. ஆற்றைத் தெரிந்துகொண்டால் இதில் பாதிக் குழப்பம் தீரும். மாவட்டத்தை எந்த ஆண்டில் எப்படிப் பிரித்தார்கள் என்று தெரிந்துகொண்டால் மீதியும் தீரும்.

2011 கணக்கெடுப்பின்படி இங்கே 27 லட்சத்து 22 ஆயிரம் பேர். பரப்பு சுமார் 4,400 சதுர கிலோமீட்டர். நடுவே மேற்கிலிருந்து கிழக்காகக் காவிரி ஓடுகிறது.

முதல் வேலை: ஆற்றைப் பார்த்துவிடுங்கள்

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை முக்கொம்புக்குப் போங்கள். நகரத்திலிருந்து மேற்கே சுமார் 18 கிலோமீட்டர், கரூர் சாலையில். கரூர்ப் பக்கமிருந்து அகன்று வரும் காவிரி இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. இரண்டுக்கும் நடுவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கும் தீவு. கிழக்கே கல்லணைக்கு அருகில் இரு கிளைகளும் மறுபடி நெருங்கி வரும். கல்லணை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கிறது என்பது திருச்சிக்காரர்களுக்கே சில சமயம் மறந்துவிடும்.

பிரியும் இடத்தில் நிற்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு கிளைகளில் கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் கூடியது. தடுக்காமல் விட்டால் தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் நடந்தது. கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொள்ள, காவிரி மணல் மேடிட்டுப்போய்த் தஞ்சாவூர் வயல்களுக்குத் தண்ணீர் குறைந்தது. ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கியது இதைச் சரிசெய்யத்தான். அன்றிலிருந்து பாசனத் தண்ணீருக்குக் காவிரி, வெள்ளத்துக்குக் கொள்ளிடம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். 2018 ஆகஸ்ட் 22 இரவு, பெருவெள்ளத்தில் மேலணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அதற்குப் பிறகு அருகிலேயே புதிய கதவணை கட்டினார்கள்.

மேட்டூர் அணை 1934-இல் வந்தது. தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12 அன்று குறுவைக்காக அதைத் திறப்பது வழக்கம். திறந்த தண்ணீர் முக்கொம்புக்கு வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். மணலும் நாணலுமாகக் கிடந்த ஆற்றில் முதலில் நுரையும் குப்பையுமாக ஒரு மெல்லிய ஓட்டம் வரும். மணல் அதைக் குடித்துக் குடித்து முடித்த பிறகுதான் நிறைந்து ஓடும். விவசாயிகள் நெல்லும் பூவும் தூவி வரவேற்பார்கள். மாற்றலாகி வந்த மாதம் ஜூனாக இருந்தால் தவற விடாதீர்கள்.

இரண்டாவது: வீடு பார்க்கும் முன் தண்ணீர் எப்போது, எங்கிருந்து வரும் என்று கேளுங்கள்

காவிரி ஓடும் ஊர் என்பதால் வெள்ளம் காவிரியிலிருந்துதான் வரும் என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். கர்நாடகத்தில் மழை கொட்டி, மேட்டூரும் நிரம்பி வழியும் ஆடி, ஆவணி மாதங்களில் கொள்ளிடக் கரையோரம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதுதான். ஆனால் நகரத்துக் குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். அந்தத் தண்ணீர் காவிரியிலிருந்து வருவதில்லை, தெற்கே உள்ள வறண்ட நிலத்திலிருந்து வருகிறது. மணப்பாறை, மருங்காபுரிப் பக்கம் பெய்யும் மழை அரியாறு, கோரையாறு வழியாக நகரத்தின் தென்மேற்கு விளிம்புக்கு வந்து, குடமுருட்டியாகி, காவிரியில் சேருகிறது. ஆண்டு முழுக்கப் புதர் மண்டிக் கிடக்கும் கோரையாற்றைப் பார்த்து “இதெல்லாம் ஓர் ஆறா?” என்று கேட்கத் தோன்றும். நவம்பரில் அதன் கரையில் குடியிருந்து பார்த்தால் கேட்க மாட்டீர்கள். கருமண்டபம், எடமலைப்பட்டிப்புதூர், வயலூர் சாலைப் பக்கம் மனையோ வாடகை வீடோ பார்ப்பவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை விசாரிப்பது நல்லது. சுவரில் தண்ணீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தரகர் சொல்லாததை அந்தக் கறை சொல்லிவிடும்.

நகரத்தின் குறுக்கே வளைந்து வளைந்து போகும் உய்யக்கொண்டான் வாய்க்காலைச் சாக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து வரும் சோழர் காலத்துப் பாசன வாய்க்கால் அது. சாக்கடையை அதில் விட்டவர்கள் நாம்தான். நகரத்தைத் தாண்டி கிழக்கே இன்னும் அதை நம்பி நெல் போடுகிறார்கள். வடகரையில் அய்யன் வாய்க்கால், பெருவளை வாய்க்கால், புள்ளம்பாடி வாய்க்கால் என்று இன்னொரு கூட்டம் உண்டு. மண்ணச்சநல்லூர், லால்குடிப் பக்கத்து நன்செய்க்கு உயிர் அவைதான். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகள் அங்கே வந்து உட்கார்ந்ததற்குக் காரணமும் இதுவே. தெற்கே மணப்பாறைக்கு அந்த வசதி இல்லை. ஏரி, கிணறு, பொன்னணியாறு அணை, வானம் என்று காலம் தள்ளும் புன்செய் நாடு அது. அங்கே மாட்டுச் சந்தை பேர்பெற்றதும், இங்கே வாழையும் நெல்லும் கொழித்ததும் தற்செயலாக நடந்தவை அல்ல. வடமேற்கு மூலையில் துறையூருக்கு அப்பால் பச்சைமலை. அதற்கு மேற்கே கொல்லிமலை அடிவாரத்தில் புளியஞ்சோலை. அது வேறு உலகம்.

மூன்றாவது: உங்கள் வட்டம் எது என்று உறுதி செய்யுங்கள்

மாவட்டத்தில் 11 வட்டங்கள், 4 கோட்டங்கள். திருச்சிராப்பள்ளி கோட்டத்தில் திருச்சி கிழக்கு, திருச்சி மேற்கு, திருவெறும்பூர். ஸ்ரீரங்கம் கோட்டத்தில் ஸ்ரீரங்கம், மணப்பாறை, மருங்காபுரி. லால்குடி கோட்டத்தில் லால்குடி, மண்ணச்சநல்லூர். முசிறி கோட்டத்தில் முசிறி, தொட்டியம், துறையூர்.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு பொறியை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்ரீரங்கம் என்றால் தீவு என்று எல்லோரும் நினைக்கிறோம். ஸ்ரீரங்கம் வட்டமோ தீவோடு நிற்காது. காவிரியைத் தாண்டித் தென்கரையில் சோமரசம்பேட்டை, மணிகண்டம் வரை போகும். ஆக, வயலூர் சாலையில் சோமரசம்பேட்டையில் குடியிருப்பவர் நிலம் சம்பந்தமாக நகரத்தைக் கடந்து, பாலத்தைக் கடந்து, தீவுக்குப் போக வேண்டும். மறுபக்கம், கொள்ளிடம் பாலத்தைத் தாண்டியவுடன் வரும் நெ.1 டோல்கேட் மண்ணச்சநல்லூர் வட்டம். ராஜகோபுரம் கண்ணுக்குத் தெரிகிறதே என்று ஸ்ரீரங்கத்துக்கு மனு எழுதினால் திருப்பி அனுப்புவார்கள்.

சரி, உறுதி செய்வது எப்படி? வீட்டுச் சொந்தக்காரரிடம் பட்டா நகல் கேளுங்கள். அதில் மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம் மூன்றும் இருக்கும். இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் போங்கள். ஊரில் வி.ஏ.ஓ. என்றுதான் சொல்வார்கள். உங்கள் தெரு எந்த வருவாய் கிராமத்தில் வருகிறது என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு மேலே வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), தாசில்தார், கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.), மாவட்ட வருவாய் அலுவலர், ஆட்சியர் என்று ஏணி போகிறது. எந்த மனுவும் கீழ்ப்படியிலிருந்து ஏறுவதுதான் வேகம். எடுத்த எடுப்பில் ஆட்சியரிடம் கொடுத்தாலும் விசாரணைக்கு அது வி.ஏ.ஓ. மேசைக்கே வந்து சேரும்.

நான்காவது: நான்கு வரைபடங்கள், நான்கும் வேறு

வருவாய்த் துறையின் வட்டம் ஒரு வரைபடம். உள்ளாட்சி இன்னொன்று: 1866-இல் நகராட்சியாகத் தொடங்கி 1994-இல் மாநகராட்சியான திருச்சிக்கு 65 வார்டுகள். துறையூர், மணப்பாறை, துவாக்குடி, லால்குடி, முசிறி ஆகியவை நகராட்சிகள். அப்புறம் பேரூராட்சிகள், 14 ஊராட்சி ஒன்றியங்கள், அவற்றுக்குக் கீழே கிராம ஊராட்சிகள். நகரத்தை ஒட்டிய பல புதிய நகர்கள் பார்வைக்கு மாநகரம், கணக்கில் ஊராட்சி. வீட்டு வரி ரசீதில் யார் முத்திரை இருக்கிறது என்று பாருங்கள். குப்பை, தெருவிளக்கு, குடிநீர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. எல்லையை விரிவாக்கும் பேச்சு அவ்வப்போது எழும், அதனால் பழைய ரசீதை நம்பாமல் புதியதைக் கேளுங்கள்.

மூன்றாவது, காவல். மாநகரத்துக்கு ஆணையர், மற்ற பகுதிக்கு மாவட்டக் கண்காணிப்பாளர். கொள்ளிடத்துக்கு வடக்கே எல்லாம் கண்காணிப்பாளர் பக்கம்.

நான்காவது, தேர்தல். இதுதான் வேடிக்கை. மாவட்டத்தில் 9 சட்டமன்றத் தொகுதிகள். அவற்றில் ஸ்ரீரங்கம், திருச்சி மேற்கு, திருச்சி கிழக்கு, திருவெறும்பூர் நான்கு மட்டுமே திருச்சி நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கின்றன. லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர் நான்கும் பெரம்பலூர் தொகுதியில். மணப்பாறை கரூரில். திருச்சித் தொகுதியை நிரப்பப் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து புதுக்கோட்டையையும் கந்தர்வகோட்டையையும் சேர்த்திருக்கிறார்கள். லால்குடியில் குடியேறிவிட்டுத் திருச்சி எம்.பி.க்கு மனு எழுதுபவர்கள் இன்னும் உண்டு.

உயர் நீதிமன்ற வழக்கென்றால் 2004 முதல் மதுரைக் கிளைதான், சென்னைக்குப் போக வேண்டாம். வண்டிப் பதிவு எண் டி.என். 45 திருச்சி மேற்கு, 48 ஸ்ரீரங்கம், 81 திருச்சி கிழக்கு.

ஐந்தாவது: காகிதங்கள், இந்த வரிசையில்

முதலில் ஆதார் முகவரி மாற்றம். அதற்கு வாடகை ஒப்பந்தமோ வேறு முகவரிச் சான்றோ வேண்டும். அது முடிந்ததும் குடும்ப அட்டை. உணவு வழங்கல் துறையின் இணையதளத்தில் முகவரி மாற்றினால் கடையும் மாறும். வாக்காளர் பட்டியலில் தொகுதி மாற்றப் படிவம் 8. புதிதாகச் சேர்வதென்றால் படிவம் 6. வருமானம், இருப்பிடம், சாதிச் சான்றுகளுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கத் தேவையில்லை. அரசு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம், வீட்டிலிருந்தும் செய்யலாம். சாதிச் சான்றை மட்டும் சொந்த ஊரிலேயே வாங்கி வைத்துக்கொண்டு வருவது புத்திசாலித்தனம். இங்கே உங்களைத் தெரிந்த வி.ஏ.ஓ. கிடையாது.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள். மனுவின் நகலில் பதிவு எண் வாங்காமல் திரும்பாதீர்கள். பட்டாவில் பெயர்ப் பிழை, அளவுப் பிழை போன்றவற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, பசலி (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) முடியும் மே, ஜூனில் வட்டம்தோறும் நடக்கும் ஜமாபந்தி நல்ல வாய்ப்பு. கிராமக் கணக்குகள் எல்லாம் மேசைமேல் இருக்கும் நாட்கள் அவை.

ஸ்ரீரங்கத்தில் வீடு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கோயிலைச் சுற்றியுள்ள பகுதிகளில் அடிமனை உரிமை யாருக்கு என்று கோயிலுக்கும் குடியிருப்போருக்கும் நெடுங்காலத் தகராறு உண்டு. கட்டடம் ஒருவருக்கு, கீழே உள்ள மனை கோயிலுக்கு என்ற நிலை வரலாம். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்று முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் புல எண்ணுக்கு இன்றைக்குப் பதிவு நடக்கிறதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு, பிறகு பேசுங்கள்.

ஆறாவது: பழைய பத்திரம் கையில் இருந்தால்

ஒரு பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். 1982-ஆம் ஆண்டுக் கிரயம், ‘திருச்சிராப்பள்ளி மாவட்டம், உடையார்பாளையம் வட்டம்’ என்று எழுதியிருக்கிறது. அதைத் தேடித் திருச்சி ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்தால் பயன் இல்லை. அந்த வட்டம் 1995-இல் பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போனது, 2001-இல் அரியலூர் மாவட்டமானது, 2002-இல் திரும்பப் பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007-இல் மீண்டும் அரியலூராகப் பிரிந்தது. நிலம் இருந்த இடத்திலேயே கிடக்க, முகவரி மட்டும் நான்கு முறை மாறியிருக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதிய பத்திரங்களில் எந்தப் பெயர் இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

மொத்தக் கதை இதுதான். 1801-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கர்நாடகப் பகுதியை எடுத்துக்கொண்டபோது இந்த மாவட்டம் உருவானது. 1948-இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் அதைத் திருச்சியோடு இணைத்தார்கள். 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமாகப் போனது. 1995-இல் கரூரும் பெரம்பலூரும் போயின. குளித்தலை இன்று கரூர் மாவட்டம், ஆனால் அங்கே 1995-க்கு முன் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றில் திருச்சி இருக்கும். பழைய பத்திரத்தில் மாவட்டத்தை விட்டுவிட்டு வட்டம், கிராமம், புல எண் மூன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். மாவட்டத்தை அவற்றிலிருந்து கண்டுபிடிக்கலாம்.

ஏழாவது: ஒரு நாள் நடந்தால் வரலாறு புரியும்

உறையூரில் தொடங்குங்கள். முற்காலச் சோழர் தலைநகரம். மெல்லிய பருத்தித் துணிக்கு அன்றே பேர் வாங்கியது. கைத்தறி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அங்கிருந்து மலைக்கோட்டை. மேலே பிள்ளையாரைப் பார்த்துவிட்டு ஓடிவராமல், ஏறும் வழியில் மகேந்திரவர்மப் பல்லவனின் குடைவரையில் நில்லுங்கள். கங்கையைச் சடையில் தாங்கும் சிவன் சிற்பம் அங்கே இருக்கிறது. உச்சியிலிருந்து பார்த்தால் இரண்டு ஆறும் தீவும் தெளிவாகத் தெரியும். இந்தப் பாறைக்காக ஏன் அடித்துக்கொண்டார்கள் என்பதும் புரியும். மதுரை நாயக்கர்கள் சில காலம் இங்கிருந்து ஆண்டார்கள். கடைசி அரசி மீனாட்சியிடமிருந்து சந்தா சாகிப் இதைப் பிடுங்கினார். 1751–52 முற்றுகையில், ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட இருவரில் முகமது அலிக்காக ஆங்கிலேயரும், சந்தா சாகிப்புக்காகப் பிரெஞ்சுக்காரர்களும் மோதினார்கள். தென்னிந்தியா யாருக்கு என்பது பெருமளவு இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் முடிவானது. முகமது அலியின் கல்லறை நத்தர்வலி தர்காவில் இருக்கிறது.

மதியத்துக்கு மேல் கண்டோன்மென்ட். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி உப்புச் சத்தியாக்கிரகிகளோடு வேதாரண்யத்துக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். கடைசியாகப் பொன்மலை. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920-களில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தது. திருச்சி தொழில் நகரமானதில் பெரிய பங்கு அதற்கு உண்டு. 1960-களில் திருவெறும்பூர்ப் பக்கம் பெல், துப்பாக்கித் தொழிற்சாலை, பொறியியல் கல்லூரி என வரிசையாக வந்தன. அந்தக் கல்லூரிதான் இன்றைய என்.ஐ.டி.

எட்டாவது: போக்குவரத்து

ஆட்டோக்காரர் முதலில் கேட்பது “சத்திரமா, சென்ட்ரலா?” என்றுதான். சத்திரம் பேருந்து நிலையம் மலைக்கோட்டைப் பக்கம் இருக்கிறது. முசிறி, துறையூர், லால்குடி போக அங்கே ஏறலாம். மத்திய பேருந்து நிலையம் ஜங்ஷனுக்கு அருகில். 2025-இல் மதுரைச் சாலையில் பஞ்சப்பூர் முனையம் திறந்த பிறகு வெளியூர் வண்டிகள் பல அங்கே போய்விட்டன. ஆகவே “ஸ்டாண்டில் நிற்கிறேன்” என்று போனில் சொல்பவரிடம் எந்த ஸ்டாண்ட் என்று கேட்டுவிடுங்கள். ரயிலிலும் இதே கதைதான். ஜங்ஷன், கோட்டை, டவுன், பொன்மலை, ஸ்ரீரங்கம் என்று நிலையங்கள் நிறைய. கோட்டை நிலையம் கரூர்ப் பாதையில், டவுனும் ஸ்ரீரங்கமும் சென்னைப் பாதையில். வடகரையில் குடியிருந்தால் சென்னை வண்டிக்கு ஜங்ஷன் வரை போக வேண்டாம், ஸ்ரீரங்கத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

டோல்கேட்டிலும் கவனம் வேண்டும். கொள்ளிடத்துக்கு வடக்கே நெ.1 டோல்கேட், நகரத்தின் தென்பக்கம் டி.வி.எஸ். டோல்கேட். சும்மா “டோல்கேட்” என்று டிக்கெட் கேட்டால் கண்டக்டர் அந்த பஸ் போகும் திசையில் உள்ளதைக் கொடுத்துவிடுவார். நடுவில் இரண்டு ஆறும் ஒரு நகரமும் இருப்பது இறங்கிய பிறகுதான் தெரியும்.